புதுக் கருனியும் நெடுங்காலக் கருனியும்

தமிழ் கற்பிக்கும் எமக்குக் கணினியின் உட்பொருளைப் பற்றி எழுத என்ன உரிமையுண்டென, இவ் விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். அந் நகைப்பு நியாயமானதே. ஆயினும், நம் கல்லூரியின் தகவல் தொழினுட்ப ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின், கணினிக் கூடத்தின் திறப்பு எம் கைக்கு வந்தது. வேறொருவர் வரும்வரையில் எனப்பட்ட அப் பொறுப்பு மூன்றாண்டு நீடித்தது. அம் மூன்றாண்டில் யாம் இரண்டு பிழைகள் செய்தோம். புதியது என்பதனாலேயே ஒன்றை விரும்பியது முதற் பிழை. பழையது என்பதனாலேயே ஒன்றை நம்பியது இரண்டாம் பிழை. அவ்விரு பிழைகளும் எமக்குக் கற்பித்ததை மாணவரும் ஆசிரியரும் அறிந்து கொள்ளுதல் நன்றெனக் கருதி இதனை எழுதலானோம்.

கருனியாவது யாது?

கணினியை இயக்கும் மென்பொருட் டொகுதியைப் பணிசெயல் முறைமை என்கின்றோம். அதன் நடுவே நின்று, நினைவகத்தைப் பங்கிடுவதும், வன்தட்டிற் கோப்புகளை எழுதுவதும், விசைப்பலகை, திரை, வலையமைப்பு முதலியவற்றோடு தொடர்பு கொள்வதும், ஒரு செய்நிரல் மற்றொன்றின் எல்லையுட் புகாது காப்பதுமாகிய தொழில்களைச் செய்யும் பகுதி கருனி எனப்படும். ஆங்கிலத்திற் கேர்னல் என்பர். விதையினுள்ளே இருக்கும் பருப்பைக் குறிக்குஞ் சொல் அது. கருனி செவ்வனே தொழிற்படுங்கால் அஃது இருப்பதே எவருக்குந் தெரிவதில்லை. பிழைபட்டபோது யாவருக்குந் தெரியும்.

கருனிகள் பலவுளவேனும் இங்கே லினக்ஸ் கருனியையே எடுத்துக்கொள்வோம். பின்லாந்து நாட்டிலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தாம் எழுதத் தொடங்கியிருந்த சிறு முறைமையைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. 1994 மார்ச்சில் அதன் 1.0 ஆம் பதிப்பு வெளிவந்தது. இன்று அதன் மூலவரிகள் மூன்று கோடிக்கு மேற்பட்டன. அன்ட்ரொயிட் கைப்பேசியை வைத்திருப்போர் யாவரும், அறிந்தோ அறியாமலோ, இக் கருனியையே சட்டைப்பையிற் சுமந்து திரிகின்றனர்.

பதிப்புகள் வரும் முறை

முற்காலத்தில் லினக்ஸ் கருனிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பதிப்பெண்ணின் இரண்டாம் இலக்கம் இரட்டையாயின் அது பயன்பாட்டுக்குரியது. ஒற்றையாயின் அது பரிசோதனைக்குரியது. 2.4 ஆம் பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது. அடுத்த பயன்பாட்டுப் பதிப்பாகிய 2.6 வந்ததோ 2003 டிசெம்பரில். இடைப்பட்ட மூன்றாண்டளவும் புதிய வன்பொருள்களுக்கான ஆதரவெல்லாம் 2.5 என்னும் பரிசோதனைக் கிளையிலே தங்கிக் கிடந்தன. லினக்ஸை வழங்கும் நிறுவனத்தார் வேறு வழியின்றி அவற்றைத் தாமே பிடுங்கிப் பழைய பதிப்பில் நட்டுக்கொண்டனர். ஒருவர் நட்டது மற்றொருவரிடம் இல்லை. இத் தொல்லை கண்டே அவ் வழக்கம் கைவிடப்பட்டது.

இப்பொழுது ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியாகின்றது. முதலிரண்டு வாரங்களிற் புதிய பகுதிகள் சேர்க்கப்படும். பின்னர் வாயில் அடைக்கப்படும். அதன்பின் வாரந்தோறும் ஒரு முன்னோட்டப் பதிப்பு வந்து, பிழைகள் மாத்திரம் திருத்தப்படும். இங்ஙனம் ஏழெட்டு முன்னோட்டங்கள் கழிந்தபின் லினஸ் அவர்கள் பதிப்பை வெளியிடுவர். இதனைத் தலைமைக் கிளை என்போம்.

வெளியானபின்னர்த் தெரியவரும் பிழைகளைத் திருத்துவார் யார்? இதற்கென 2005 ஆம் ஆண்டிற் கிரெக் குரோ-ஹார்ட்மன், கிறிஸ் ரைட் என்னும் இருவர் உறுதிக் கிளை ஒன்றைத் தொடக்கினர். 6.12.5 என ஒரு பதிப்பெண் இருப்பின், 6.12 என்பது பதிப்பின் பெயர். ஈற்றிலுள்ள 5 என்பது அதற்கு வந்த ஐந்தாவது திருத்தம். முதலிலக்கம் 5 இலிருந்து 6 ஆக மாறியதனாற் பெரும் புரட்சி நிகழ்ந்ததென எண்ணுதல் தவறு. இலக்கம் பெருத்து எண்ணுதற்குச் சங்கடமானபோது மாற்றிக்கொள்வரேயன்றி அதற்கு வேறு பொருளில்லை.

சாதாரணப் பதிப்பொன்றுக்கு இத் திருத்தங்கள் அடுத்த பதிப்பு வந்து சில வாரம் வரையுமே கிடைக்கும். ஏறத்தாழ மூன்று மாத வாழ்வு. பின்னர் அதனை எவரும் பாரார்.

நெடுங்காலக் கருனி

ஆயின், மூன்று மாதத்துக்கொருமுறை கருனியை மாற்றுதல் எல்லார்க்கும் இயலுமோ? வைத்தியசாலையின் பதிவேட்டுக் கணினி, வங்கியின் சேவையகம், தொழிற்சாலையின் பொறி என்பவற்றை அங்ஙனம் அடிக்கடி மாற்ற ஒருவரும் ஒருப்படார். இவர்களின் பொருட்டே ஆண்டுக்கு ஒரு பதிப்பைத் தெரிந்து, அதற்கு நெடுங்காலந் திருத்தம் வழங்கும் முறை ஏற்பட்டது. ஆண்டின் கடைசிப் பதிப்பே பெரும்பாலும் தெரியப்படும். 2022 இல் 6.1 உம், 2023 இல் 6.6 உம், 2024 இல் 6.12 உம் அவ்வாறு தெரியப்பட்டவை.

இக் கிளைக்குள் எதனையும் எடுத்த எடுப்பிற் புகுத்த இடமில்லை. திருத்தம் முதலிலே தலைமைக் கிளையில் ஏறியிருத்தல் வேண்டும். உண்மையான பிழையொன்றைத் தீர்ப்பதாயிருத்தல் வேண்டும். சூழ்ந்த வரிகளோடு சேர்த்து 100 வரிகளுக்கு மேற்படலாகாது. இவை எழுதிவைக்கப்பட்ட விதிகள். தமிழ் படித்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஏட்டுச் சுவடிகளைப் பல இடங்களிலிருந்து வருவித்து ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் உழைப்பை நாம் அறிவோம். ஒரு பிரதியிற் கண்ட திருத்தம் மற்றைப் பிரதிகளில் ஏறாதுவிடின் பிரதிக்கொரு பாடமாய் நூல் சிதறும். ஆகலின், திருத்தம் முதலில் மூலப் பிரதியில் ஏறுக. அதிலிருந்தே ஏனைப் பிரதிகளுக்குச் செல்க என்பது இவர்தம் விதி.

இதற்காகும் உழைப்பு பெரிது. கைப்பேசி செய்வோரின் தேவை கருதி, 2017 இல் 4.4 ஆம் பதிப்புக்கு ஆறாண்டு ஆதரவு அறிவிக்கப்பட்டது. பின்வந்த சில பதிப்புகளுக்கும் அவ்வாறே. 2023 இலோ, இனி வரும் நெடுங்காலக் கருனிகளுக்கு இரண்டாண்டே என்னும் அறிவிப்பு வந்தது. மிகப் பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் சிலராகவும், அவற்றைப் பேணுவோர் களைப்புற்றவராகவும் இருந்தமையே காரணம். பயன்படுத்துவோர் முன்வந்து துணைசெய்யின் தவணை நீட்டப்படுவதுமுண்டு. மின்னிலையம், புகையிரதம் முதலியவற்றுக்குப் பத்தாண்டேனும் பேணப்படுங் கருனி வேண்டுமென்று 2016 இல் லினக்ஸ் அறநிலையத்தின்கீழ் ஒரு தனித் திட்டமே தொடங்கப்பட்டது. எவ்வாறாயினும், நெடுங்காலம் என்பது தானாக நிகழ்வதன்று. யாரோ சிலர் வாரந்தோறும் இருந்து செய்வது. இதனை மாணவர் மறத்தலாகாது.

புதுமை வேண்டப்படும் இடம்

இனி, எமது முதற் பிழைக்கு வருவோம். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சிலர் அன்போடு மூன்று புதுக் கணினிகளை அனுப்பியிருந்தனர். கூடத்தில் முன்னிருந்தவற்றிற் பயன்பட்ட அதே நெடுங்காலக் கருனியை அவற்றிலும் இட்டோம். திரை தெளிவாகத் தோன்றிற்று, வலையமைப்போ கிட்டவில்லை. கணினியிற் பழுதென எண்ணி அனுப்பியவருக்குக் கடிதம் எழுதவும் முற்பட்டோம். அப்பொழுது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், “சேர், சாமான் பழுதில்லை, எங்கட கருனி இந்தச் சாமான் பிறக்க முந்தியே பிறந்தது” என்றான். புதுப் பதிப்பை இட்டான். வலையமைப்பு உடனே கிட்டியது.

அவன் சொன்னதே உண்மை. லினக்ஸில் வன்பொருளோடு பேசும் இயக்கிகள் பெரும்பாலும் கருனிக்குள்ளேயே இருப்பன. நெடுங்காலக் கருனி பிழைதிருத்தம் பெறுமேயன்றிப் புதிய திறன்களைப் பெரும்பாலும் பெறுவதில்லை. வயர்காட் என்னும் பாதுகாப்பான வலைவழி முறை 2020 இல் 5.6 ஆம் பதிப்பிற் சேர்ந்தது. அதற்கு முந்திய நெடுங்காலப் பதிப்பாகிய 5.4 இல் அஃது இல்லை. விண்டோஸின் கோப்பமைப்பை எழுதவும் வாசிக்கவும் வல்ல புதிய இயக்கி 2021 இல் 5.15 உடன் வந்தது. இவை வேண்டியோர் புதுப் பதிப்பை நாடுதல் முறையே.

மகிழ்ச்சி மிகுதியால் யாம் ஒரு கட்டளை பிறப்பித்தோம்: கூடத்திலுள்ள கணினிகள் எல்லாவற்றிலும் புதுக் கருனியே இருத்தல் வேண்டும் என்று. அடுத்த பதிப்பு வந்து ஏற்றப்பட்ட மறுநாட் காலை, பழைய கணினிகளுள் நான்கின் திரை இருண்டு கிடந்தது. அவற்றின் திரைக்குரிய இயக்கி கருனியோடு சேர்ந்ததன்று. நிறுவனமொன்று தனியே வழங்கியது. கருனியின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். உள்ளே சேர்ந்த இயக்கிகளை மாற்றுவோரே உடன் திருத்துவர். வெளியே நின்ற இயக்கியைத் திருத்துவார் இலர். உயர்தர மாணவர் தம் செயற்றிட்டங்களை ஒப்படைக்க வேண்டிய வாரம் அது. மாணவர் முகத்தை நோக்க எமக்கு வெட்கமாயிருந்தது. அதே மாணவன் கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலிலே முந்திய கருனியைத் தெரிந்தான். திரை ஒளி பெற்றது. பட்டியலில் முந்தியது இருந்தமையால் அன்று தப்பினோம்.

பழமையின் மயக்கம்

சூடு கண்ட பூனையானோம். அந் நான்கு கணினிகளிலும் இற்றைப்படுத்தல் யாவற்றையும் நிறுத்தி, “இவற்றில் ஒருவரும் கைவைக்கலாகாது” என எழுதி ஒட்டினோம். அவை பதினான்கு மாதங்கள் ஒரு குறையுமின்றி ஓடின. நெடுங்காலக் கருனியின் பெருமை இதுவென்று ஆசிரியர் அறையிற் பேசியும் மகிழ்ந்தோம். பல்கலைக்கழகம் புகுந்திருந்த அம் மாணவன் விடுமுறையில் எம்மைக் காண வந்தான். முனையத்தைத் திறந்து ‘யூநேம் -ஆர்’ என்னுங் கட்டளையை இட்டுப் பதிப்பெண்ணைப் பார்த்தான். சிறிது நேரம் பேசாதிருந்து, “சேர், இது நெடுங்காலக் கருனியில்லை, கைவிட்ட கருனி” என்றான். எமது இரண்டாம் பிழை அதுவே.

பழையது வேறு, பேணப்பட்டது வேறு. திருத்தம் வாங்காது நிறுத்திய நெடுங்காலக் கருனி பெயரளவிலேயே நெடுங்காலக் கருனி. பழமை தானே காவலாகாது என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். 2016 ஒக்ரோபரிற் ‘டேர்ட்டி கவ்’ எனப் பெயரிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. வாசிக்க மாத்திரம் உரிமையுள்ள கோப்பிலே சாதாரணப் பயனர் எழுதி, முறைமை முழுவதையுங் கைப்பற்ற அஃது இடந்தந்தது. 2007 இல் வந்த 2.6.22 ஆம் பதிப்புமுதல் அவ்வோட்டை அங்கே கிடந்தது. ஒன்பதாண்டு உலகெங்கும் ஓடிய கருனியிற் பிழையிராதென நம்பினோர் ஏமாந்தனர். அதனைத் தாமே பதினொரு ஆண்டுகளுக்கு முன் திருத்த முயன்று சரிவரச் செய்யாது விட்டதாக லினஸ் அவர்களே திருத்தக் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

இதனாற் புதியதே காவலென முடித்துவிடலாகாது. ‘டேர்ட்டி பைப்’ என்னும் மற்றோர் ஓட்டை 2022 மார்ச்சில் வெளியிடப்பட்டது. மக்ஸ் கெல்லர்மன் என்பார் கண்டறிந்தது அது. பிழை புகுந்ததோ 2020 இல் வந்த 5.8 ஆம் பதிப்பில். அதற்கு முந்திய நெடுங்காலக் கருனிகளை வைத்திருந்தோரை இது தீண்டவில்லை. முன்னையதிற் பழமை காவாது போயிற்று. பின்னையதிற் புதுமை காவாது போயிற்று. இரண்டிலும் காத்தது, திருத்தம் வெளிவந்தவுடன் அதனை ஏற்றுக்கொண்டமையே.

பேணுவோர்க்கும் பிழை நேரும்

பேணப்படும் நெடுங்காலக் கிளையும் குற்றமற்றதன்று. 2023 டிசெம்பரில் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் 12.3 ஆம் வெளியீடு நிறுத்தப்பட்டது. அதிலிருந்த 6.1.64 ஆங் கருனி, ஈஎக்ஸ்ரி4 கோப்பமைப்பிலுள்ள தரவைச் சிதைக்கக்கூடியதெனக் கண்டனர். காரணம் நோக்கத்தக்கது. தலைமைக் கிளையில் ஒரு திருத்தம் நிகழ்ந்தது. அது முன்னர் நிகழ்ந்த வேறொரு திருத்தத்தைச் சார்ந்து நின்றது. பின்னதை 6.1 இற் சேர்த்தவர்கள் முன்னது அங்கில்லை என்பதைக் காணவில்லை. முதற் பக்கத்துத் திருத்தத்தை விடுத்து, அதனைச் சார்ந்த இரண்டாம் பக்கத்துத் திருத்தத்தை மாத்திரம் ஏட்டில் எழுதியவாறாயிற்று. 6.1.66 ஐ உடைய 12.4 மறுநாளே வெளிவந்தது.

கிளை பழகப் பழக இவ்விடர் மிகும். தலைமைக் கிளை விலகி நெடுந்தூரஞ் செல்லச் செல்ல, அங்கெழுந்த திருத்தத்தை இங்கே பொருத்துதல் அரிதாகும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்னும் செயலிக் குறைபாடு வெளிப்பட்டபோது, 4.14 இற் சேர்ந்த காப்பும் அதனினும் பழைய 4.9, 4.4 என்பவற்றிற் சேர்ந்த காப்பும் ஒரே வடிவினவல்ல. ஆதலின், நெடுங்காலக் கிளைகளுள்ளும் பிந்தியதைத் தெரிதல் நன்று.

தெரியும் முறை

இவற்றாற் பெறப்படும் விதிகளைச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது, சாதாரணப் பயனர் தாம் பயன்படுத்தும் வழங்கல் தருங் கருனியையே கொள்க. உறுதிக் கிளையைப் பேணும் குரோ-ஹார்ட்மன் அவர்கள் 2018 இல் எழுதிய அறிவுரையும் இதுவே. வழங்கலுக்கு அடுத்தபடியாகப் புதிய உறுதிப் பதிப்பையும், அதற்கடுத்துப் புதிய நெடுங்காலப் பதிப்பையும், பின்னர்ப் பேணப்படும் பழைய நெடுங்காலப் பதிப்பையும் அவர் வரிசைப்படுத்தினார். பேணப்படாத கருனிக்குக் கடையிடமே அளித்தார். இங்கு ஒரு மயக்கம் நீங்குக. உபுண்டு 24.04 நெடுங்கால ஆதரவு பெற்ற வழங்கலேயாயினும், அது வெளிவந்தபோது அதிலிருந்த 6.8 ஆங் கருனி உலகப் பொது நெடுங்காலக் கருனிகளுள் ஒன்றன்று. அதனை அந் நிறுவனத்தாரே பேணுவர். ஆகவே நெடுங்காலம் என்னும் பெயரைக் கண்டபோது, யாருடைய ஆதரவு, எந் நாள் வரை என வினவுக.

இரண்டாவது, வன்பொருள் புதிதாயின் அதனை அறிந்த கருனியைக் கொள்க. அத் திறனைக் கொண்ட நெடுங்காலப் பதிப்பு பின்னர் வருமாயின் அதிலே தங்கிவிடுக.

மூன்றாவது, பலர் தங்கியிருக்குஞ் சேவையகத்துக்கும், கருனிக்கு வெளியேயுள்ள இயக்கியை நம்பிய கணினிக்கும் நெடுங்காலக் கருனியே தக்கது. திருத்தங்களை முதலில் ஒரு கணினியில் ஏற்றி, இரண்டொரு நாள் பார்த்து, மற்றவற்றில் ஏற்றுக. நாட் கணக்கிற் பார்க்கலாம். மாதக் கணக்கிற் பார்க்கலாகாது.

நான்காவது, கருனியையே கற்க விரும்பும் மாணவர் புதுப் பதிப்பையும் முன்னோட்டத்தையுங்கூட அஞ்சாது எடுக்க. இழக்கத்தகாத கோப்பு அக் கணினியில் இராதிருக்கட்டும். அவர்கள் இன்று கண்டு அறிவிக்கும் பிழையே நாளைய நெடுங்காலக் கருனியின் உறுதி.

ஐந்தாவது, எக் கருனியைத் தெரிந்தாலும், தொடக்கப் பட்டியலில் முந்திய கருனி ஒன்றை வைத்திருக்க. கோப்புகளுக்குப் படியும் வேறிடத்தில் இருக்கட்டும்.

முடிவுரை

புதியதா பழையதா என்னும் வினாவோடு தொடங்கினோம். அவ்வினாவே சரியன்று என்பது யாம் பட்டறிந்தது. இக் கருனியை இன்று பார்ப்பவர் யார், அவர் எந் நாள் வரை பார்ப்பர், அவர் தருவதை ஏற்க நாம் ஆயத்தமா என்பனவே கேட்கத்தக்கன. நெடுங்காலக் கருனியைத் தெரிபவர் ஓய்வைத் தெரிந்தாரல்லர். வாரந்தோறும் வருந் திருத்தத்தை ஏற்குங் கடமையைத் தெரிந்தார்.

நம் கல்லூரியின் பழைய மண்டபத்துக் கூரையை அறியாத பழைய மாணவர் இலர். அக் கூரை இன்றும் ஒழுகாதிருத்தற்குக் காரணம் அதன் வயதன்று. ஆண்டுதோறும் மாரிக்கு முன் எவரேனும் ஏறி உடைந்த ஓட்டை மாற்றுவதே. கணினிக் கூடத்தின் திறப்பை யாம் சென்ற தவணையிற் புதிய ஆசிரியரிடம் ஒப்புவித்துவிட்டோம். அந் நான்கு கணினிகளிலும் இப்பொழுது பேணப்படும் நெடுங்காலக் கருனி ஓடுகின்றது. நாம் ஒட்டிய அறிவிப்பை அவர் கிழித்தெறியவில்லை. “வெள்ளிதோறும் திருத்தம் பார்க்க” என அதன்கீழ் ஒரு வரி சேர்த்துள்ளார்.